நெத்திலி வராத வருடம்

தீவனத்தின் வழித்தடம் – 9

பெரு நாட்டுக் கடலில் 1970-ல் பிடிபட்ட நெத்திலி மட்டும் 1.2 கோடி டன்னுக்கு மேல். அதில் மனிதர் வாயில் போனது மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் கரையோர ஆலைகளில் வெந்து, பிழிந்து, உலர்ந்து, மீன்தூளாகி, ஐரோப்பாவின், அமெரிக்காவின் கோழிப் பண்ணைகளுக்கும் பன்றிப் பண்ணைகளுக்கும் கப்பல் ஏறியது. 1972-ல் எல் நினோ வந்தது. கரையோரக் கடல் சூடாகி, ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த சத்துநீர் குறைந்தது. ஏற்கெனவே அளவு மீறிப் பிடிக்கப்பட்டிருந்த மீன்கூட்டம் அந்த அடியைத் தாங்கவில்லை. 1973-ல் கிடைத்தது 20 லட்சம் டன் அளவுதான்.

மீன்தூள் இல்லையென்றால் தீவனத்துக்குப் புரதம் எங்கிருந்து வரும்? எல்லா நாட்டுத் தீவன ஆலைகளும் ஒரே நேரத்தில் அமெரிக்க சோயாவின் பக்கம் திரும்பின. ஓராண்டுக்கு முன் ஒரு புஷல், அதாவது சுமார் 27 கிலோ, மூன்றரை டாலருக்கு விற்ற சோயா, 1973 ஜூனில் 12 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவில் இறைச்சி விலை ஏறி மக்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜூன் 27 அன்று அதிபர் நிக்சனின் அரசு சோயா ஏற்றுமதியையே நிறுத்தியது. சில நாட்களில் முழுத்தடை தளர்ந்தது என்றாலும், ஏற்கெனவே ஒப்பந்தம் ஆன சரக்கில்கூட ஒரு பங்குதான் போகலாம் என்றார்கள். இலையுதிர் காலத்துக்குள் அந்தக் கட்டுப்பாடும் நீங்கியது.

தடை நீடித்தது சில மாதங்கள்தான். ஆனால் அது கிளப்பிய பயம் ஐரோப்பாவையும் ஜப்பானையும் விட்டு அகலவே இல்லை. ஜப்பானின் பிரதமர் தனாகா 1974-ல் பிரேசிலுக்குப் போனார். அங்கே செராடோ என்ற பெரும் புல்வெளியில் சோயா பயிரிட ஜப்பானியப் பணம் பின்னால் வந்தது. இன்று உலகிலேயே அதிகம் சோயா விளையும் நாடு பிரேசில். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இந்த வாரம் ஐரோப்பாவின் கதை. பட்டாணியையும் அவரையையும் பன்றித் தொட்டிக்குள் கொண்டுவர அவர்கள் எடுத்த முயற்சியையும், அது பாதியில் தளர்ந்ததையும், இப்போது மறுபடி எழுந்திருப்பதையும் பார்ப்போம்.

முதலில், ஐரோப்பியப் பன்றி சோயாவை எப்படிப் பழகிக்கொண்டது? இது மண்ணோ குடலோ முடிவு செய்த விஷயமல்ல. 1960-களின் தொடக்கத்தில் நடந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையில் ஐரோப்பியப் பொதுச் சந்தை அமெரிக்காவுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. கோதுமைக்கும் பார்லிக்கும் அவர்கள் வேலி போட்டுக்கொள்ளலாம். பதிலுக்கு எண்ணெய் வித்துகளும் புண்ணாக்கும் வரியில்லாமல் உள்ளே வரும். ஆக, உள்ளூர் தானியம் விலை கூடியதாகவும், கப்பலில் வரும் சோயா மலிவாகவும் ஆகிவிட்டது. ராட்டர்டாம் துறைமுகத்தில் அமெரிக்க சோயாவும் தாய்லாந்து மரவள்ளிச் சில்லும் இறங்கின. மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லை என்றே சொல்லலாம். சோயா அதை ஈடுகட்டும். இரண்டையும் கலந்தால் ஐரோப்பிய கோதுமையே வேண்டாம். ஹாலந்திலும் பிரான்ஸின் பிரெத்தான் பகுதியிலும் துறைமுகத்தை ஒட்டிப் பன்றிப் பண்ணைகள் பெருகியது இந்தக் கணக்கில்தான். அந்தப் பண்ணைகளின் தீவனத்துக்குத் தேவையான நிலம் எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தது. சாணமோ இங்கேயே தங்கி நிலத்தடி நீரிலும் கடலோரத்திலும் நைட்ரேட்டாகக் கலந்தது. பிரெத்தான் கடற்கரையில் கோடைதோறும் பச்சைப்பாசி குவிந்து அழுகும் கதை ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரியும்.

சோயா புண்ணாக்கு மோசமான தீவனம் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். அந்தப் புரதத்தின் அமைப்பும் பன்றிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இங்கேதான் ஒன்றைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். பன்றிக்குப் புரதம் என்று ஒரு பொருள் தேவைப்படுவதில்லை. புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள்தான் தேவை. அவற்றிலும் முதலில் பற்றாக்குறை ஆவது லைசின். லைசின் குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் தசை வளராது. மிச்சம் சிறுநீரில் யூரியாவாக வெளியேறும். கோதுமைப் புரதம் 100 கிராமில் லைசின் 3 கிராம்கூடத் தேறாது. சோளத்திலும் ஏறக்குறைய அதே கதை. சோயாவில் 6 கிராமுக்கு மேல். நம் கடலைப் புண்ணாக்கில் புரதம் தாராளமாக இருந்தும், 100 கிராம் புரதத்துக்கு லைசின் மூன்றரை கிராம் அளவில்தான் நிற்கிறது. கடலையை மட்டும் நம்பி வெண்பன்றியை வளர்க்க முடியாததற்கு ஒரு காரணம் அது. ஈரம் பட்டால் ஏறும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இன்னொரு காரணம்.

பட்டாணியில்? 100 கிராம் புரதத்துக்கு லைசின் 7 கிராம். சோயாவைவிட அதிகம்! ஃபேபா எனப்படும் பெரிய அவரையும் சோயாவுக்குச் சளைத்ததில்லை. பிறகு ஏன் சோயா? பட்டாணியில் மொத்தப் புரதம் 20 முதல் 24 சதவீதம்தான், சோயா புண்ணாக்கில் பாதி. மேலும் லைசினுக்கு அடுத்தடுத்துத் தேவைப்படும் மெதியோனினும் டிரிப்டோபேனும் பட்டாணியிலும் அவரையிலும் குறைவு. 1970-களில் அந்தக் குறையை இட்டு நிரப்புவது செலவான வேலை. இன்று அப்படியில்லை. ஜப்பானில் 1950-களில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவில் தொடங்கிய தொழில், இன்று லைசினையும் திரியோனினையும் டிரிப்டோபேனையும் சர்க்கரைக் கரைசலில் நொதிக்கவைத்து மூட்டை மூட்டையாகத் தருகிறது. மெதியோனினை ரசாயன முறையில் செய்கிறார்கள். ஒரு டன் தீவனத்தில் சில கிலோ சேர்த்தால் பட்டாணியின் குறை தீர்ந்துவிடுகிறது. 1973-ல் ஐரோப்பாவிடம் இல்லாத வசதி இது.

செடிகளுக்கும் தற்காப்பு உண்டு. தன் விதையை யாரும் தின்று தீர்த்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது: துவர்ப்பு, கசப்பு, காரம். மாற்றுப் புரதம் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இவற்றைச் சுற்றித்தான் வரும்.

துவர்ப்பு அவரையில். அதன் தோலில் உள்ள டானின், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செரிக்க விடாமல் செய்கிறது. நிறப் பூ பூக்கும் ரகங்களில் இது உண்டு. வெள்ளைப் பூ பூக்கும் ரகங்களில் இல்லை. இரண்டு தனித்தனி மரபணுக்கள், எது மாறினாலும் பூ வெளுக்கும், தோலின் துவர்ப்பும் போகும். உழவருக்கு இதைவிட வசதியான அடையாளம் கிடைக்காது. வயலோரம் நின்று பூவைப் பார்த்தே எது பன்றிக்கு ஏற்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் துவர்ப்பு போன விதை மண்ணுக்குள் பூஞ்சைக்கு எளிதில் இரையாகி, முளைப்பு குறையும் ஆபத்தும் கூடவே வருகிறது. தற்காப்பை எடுத்துவிட்டால் அதற்கான விலையைச் செடி எங்காவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கசப்பு லூபின் என்ற பயறு வகையில். மத்தியதரைக் கடல் நாடுகளில் நாள்கணக்கில் ஓடும் நீரில் ஊறவைத்துத்தான் அந்த விதையைச் சாப்பிடுவார்கள், அவ்வளவு ஆல்கலாய்டு. ஜெர்மனியில் 1920-களின் இறுதியில் ரெய்ன்ஹோல்ட் ஃபொன் செங்புஷ் என்ற பயிர்ப் பெருக்க ஆய்வாளர், கசப்பில்லாத லூபின் செடி எங்காவது இயற்கையில் இருந்தே தீரும் என்ற நம்பிக்கையில் லட்சக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சாற்றில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் ஆல்கலாய்டு உள்ளது கலங்கும். இல்லாதது தெளிவாக நிற்கும். தெளிவாக நின்ற ஒரு சில செடிகளிலிருந்து வந்தவைதான் இன்றைய இனிப்பு லூபின்கள். பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் குறுகிய இலை லூபினை அந்த வறண்ட மணல் நிலத்துக்குப் பழக்கி, 1967-ல் யூனிவைட் என்ற ரகத்தை வெளியிட்டார். கோதுமை வயல்களின் சுழற்சியில் லூபின் இடம்பிடித்தது. அங்கிருந்து பன்றித் தீவனத்துக்கும் வந்தது. இந்தக் குறுகிய இலை லூபினை வளரும் பன்றி தயங்காமல் தின்கிறது. வெள்ளை லூபினைப் போட்டாலோ தீவனம் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கசப்பை எடுத்த பிறகும் அப்படித்தான். பன்றிக்குப் பிடிக்காததைப் பன்றிக்குத் தர முடியாது. எத்தனை சத்துப் பட்டியல் காட்டினாலும் இந்த உண்மை மாறாது.

காரம் ரேப்சீடில். கடுகின் உறவு இது. கனடாவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீராவிக் கப்பல் இயந்திரங்களுக்கு மசகெண்ணெய் வேண்டும் என்று இதைப் பயிரிட்டார்கள். போர் முடிந்ததும் எண்ணெயை என்ன செய்வது, புண்ணாக்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எண்ணெயில் எரூசிக் அமிலம். புண்ணாக்கில் குளுகோசினோலேட், கடுகின் நெடிக்குக் காரணமான அதே வகைப் பொருள். பன்றிக்கு அது தைராய்டு சுரப்பியை வீங்கவைத்து வளர்ச்சியைக் குறைத்தது. மானிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபான்சனும் சஸ்காட்டூனின் கீத் டவ்னியும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, போலந்து நாட்டின் பிரனோவ்ஸ்கி ரகத்திலிருந்த குறைந்த காரத்தைக் கனடிய ரகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு குறைகளும் நீங்கிய முதல் ரகமான டவர் 1974-ல் வந்தது. கனோலா என்ற பெயர் அதற்குப் பின்னால் வைக்கப்பட்டது. இந்தப் புண்ணாக்கில் மெதியோனின் நன்றாக இருக்கிறது. பட்டாணியில் இல்லாதது இதில் உண்டு. இதில் சற்றுக் குறையும் லைசின் பட்டாணியில் உண்டு. பருப்பையும் அரிசியையும் சேர்த்துச் சாப்பிடும் நமக்கு இந்தக் கூட்டை விளக்கத் தேவையில்லை.

சோயா மட்டும் குற்றமற்றதா? இல்லை. பச்சை சோயாவைப் பன்றிக்குப் போட்டால் வளராது. அதிலுள்ள ஒரு புரதம், குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினையே கட்டிப்போடும். 1917-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்னும் மெண்டலும் வேகவைத்த சோயாவில்தான் எலிகள் வளர்கின்றன என்று காட்டினார்கள். அதன் பிறகு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரம் என்று ஆலைகள் பல பத்தாண்டுகள் கற்றுக்கொண்டன. சூடு குறைந்தால் தடைப்புரதம் மிஞ்சும், கூடினால் லைசின் கெடும். இன்று நாம் சோயாவை எளிய தீவனம் என்று நினைப்பது, அந்த ஒரு பயிருக்கு மட்டும் நூறாண்டு உழைப்பு கிடைத்ததால். அதில் ஒரு பங்கு கவனம் அவரைக்கும் பட்டாணிக்கும் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஐரோப்பா முயலாமல் இல்லை. தடையின் அதிர்ச்சிக்குப் பிறகு பிரான்ஸ் தனக்கென ஒரு புரதத் திட்டம் வகுத்தது. 1978 முதல் பொதுச் சந்தை பட்டாணிக்கும் அவரைக்கும் உதவி கொடுத்தது. உழவருக்குக் குறைந்தபட்ச விலை கொடுத்து வாங்கும் தீவன ஆலைக்கு மானியம் என்ற ஏற்பாடு. உடனே பலன் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் மட்டும் தீவனப் பட்டாணி 7 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. பிறகு 1992-ன் வேளாண் சீர்திருத்தத்தில் அந்த ஆதரவு கரைந்தது. அதே சமயத்தில் வயல்களில் அஃபனோமைசஸ் என்ற வேரழுகல் நோய் பரவியது. ஒரு முறை மண்ணில் குடியேறினால் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே கிடக்கும் நோய் அது, மருந்தில்லை. மானியத்தைத் துரத்திக்கொண்டு ஒரே வயலில் அடிக்கடி பட்டாணி போட்டவர்கள் அதற்கு வழி திறந்துவிட்டார்கள். 15 ஆண்டுகளில் பரப்பு சுமார் 1 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. நடுவே 2001-ல் மாட்டுப் பைத்திய நோயின் காரணமாக இறைச்சி எலும்புத்தூளைத் தீவனத்தில் சேர்ப்பதற்கு ஐரோப்பா தடை விதித்தது. அந்த இடத்தையும் சோயாவே நிரப்பியது.

இந்தப் பின்னணியில் பிரிட்டனில் 2008-ல் தொடங்கிய 'கிரீன் பிக்' ஆய்வுத் திட்டம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஸ்காட்லாந்து வேளாண் கல்லூரி முன்நின்று நடத்திய அந்தத் திட்டத்தில், 30 கிலோ அளவில் தொடங்கி சந்தைக்குப் போகும் வரையிலான பன்றிகளுக்கு சோயா புண்ணாக்கை அறவே நீக்கிவிட்டு, தீவனத்தில் 30 சதவீதம் வரை பட்டாணியோ ஃபேபா அவரையோ சேர்த்தார்கள். குறைந்த அமினோ அமிலங்களைத் தனியாகக் கலந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, வணிகப் பண்ணைகளிலும் செய்து பார்த்தார்கள். வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. தின்ற அளவிலும் இல்லை. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வுகளும் துவர்ப்பில்லாத அவரையைப் பற்றி இதே முடிவைத் தந்தன. பன்றியின் குடல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அப்படியானால் தடை எங்கே? தீவன ஆலையின் கணக்கில். ஆலை தன் கலவையைக் கணினியில் போட்டு, தேவையான சத்தை மிகக் குறைந்த விலையில் எது தரும் என்று தேடுகிறது. பட்டாணியில் மாவுச்சத்தும் உண்டு, புரதமும் உண்டு. அதனால் அது ஒரே நேரத்தில் கோதுமையோடும் சோயாவோடும் போட்டி போட வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று மலிந்தாலும் பட்டாணி வெளியே. அடுத்தது, ஆலைக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேமிப்புக் கிடங்கு வேண்டும். வருடம் முழுக்க ஒரே தரத்தில் வந்துகொண்டே இருக்கும் சோயாவுக்கு அதை ஒதுக்குவார்கள். அறுவடைக்குப் பின் சில வாரம் மட்டும் வரும் சில லாரி அவரைக்கு ஒதுக்க மாட்டார்கள். உழவர் பக்கம் பார்த்தால், அதே நிலத்தில் கோதுமை தரும் விளைச்சலில் பாதியைச் சற்றுத் தாண்டுவதே பட்டாணிக்குப் பாடு. ஆனால் பட்டாணியின் வேர்முடிச்சு காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தனக்கு உரம் போட்டுக்கொள்கிறது. அடுத்த வருடக் கோதுமைக்கும் மிச்சம் விட்டுப்போகிறது. அந்த மிச்சம் எந்த ஆலையின் விலைப்பட்டியலிலும் ஏறுவதில்லை. பிரேசிலில் அழிந்த காட்டின் விலையும் சோயா மூட்டையில் ஏறுவதில்லை. இரண்டு பக்கமும் இப்படிக் கணக்கு விடுபட்டிருக்கும்போது, சந்தையே முடிவு செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. காட்டை அழித்து விளைந்த சோயாவை உள்ளே விடுவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சட்டம் அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தையாவது தொடுகிறது. வேலிக்குள் உழுகிறவனுக்கு என்ன தருவோம் என்ற மறுபக்கம் இன்னும் முழுதாக நிரம்பவில்லை.

அரசு நினைத்தால் கணக்கு மாறும் என்பதற்குச் சீனா சாட்சி. உலகின் பன்றிகளில் ஏறக்குறைய பாதி அங்கே. 2018-ல் அமெரிக்காவோடு வர்த்தகச் சண்டை வந்ததும், பன்றித் தீவனத்தின் புரத அளவைக் குறைக்கும் புதிய தரத்தை அங்கே கொண்டுவந்தார்கள். 2017-ல் கால்நடைத் தீவனத்தில் 17.8 சதவீதமாக இருந்த சோயா புண்ணாக்கின் பங்கு 2022-ல் 14.5 சதவீதமாக இறங்கியது. 2025-க்குள் 13-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2023-ல் திட்டமிட்டார்கள். லைசின் மூட்டைகளும் ரேப்சீடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்குகளும் சேர்ந்துதான் இதைச் சாத்தியமாக்கின. இதில் சுற்றுச்சூழலுக்கும் லாபம் உண்டு. தீவனத்தின் புரத அளவில் ஒரு புள்ளி குறைத்து அமினோ அமிலத்தைச் சரியாக நிரப்பினால், பன்றி கழிக்கும் நைட்ரஜன் 8 முதல் 10 சதவீதம் குறைகிறது.

டென்மார்க் இன்னொரு வழியைத் தேடுகிறது: புல். புல்லையும் குளோவரையும் பசுமையாகவே பிழிந்து, சாற்றிலிருந்து புரதத்தைத் திரளவைத்துப் பிரிக்கிறார்கள். திரள் பன்றிக்கும் கோழிக்கும், சக்கை மாட்டுக்கு, மிச்சச் சாறு சாண எரிவாயுக் கலனுக்கு. ஃபூலும் என்ற இடத்தில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகம் 2019-ல் இதற்கு ஒரு மாதிரி ஆலை திறந்தது. யோசனை பழையது. போர்க்காலப் பட்டினிக்குப் பயந்து இலைப் புரதத்தைப் பிரிக்கத் தொடங்கியவர் இங்கிலாந்தின் நார்மன் பிரீ. அதே யோசனை 1970-களில் கோயம்புத்தூருக்கும் வந்தது. குதிரை மசால் இலையிலிருந்து பிரித்த புரதத்தைச் சத்துக்குறைவான குழந்தைகளுக்குக் கொடுத்து, ராஜம்மாள் தேவதாஸின் வழிகாட்டலில் அவினாசிலிங்கம் கல்லூரியில் ஆய்வு நடந்தது. குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட அந்த முயற்சி பரவாமல் நின்றது எனக்கு வருத்தம்தான். அதே முறைக்கு இப்போது பன்றித் தீவனத்தில் முதலீடு கிடைக்கிறது என்பது, பணம் எங்கே போகிறது என்பதையும் காட்டுகிறது.

எல்லாப் பன்றிக்கும் ஒரே நாளில் சோயாவை நிறுத்த வேண்டியதில்லை. பால் மறந்த குட்டி 6 கிலோ எடையில் இருக்கும்போது, கிலோ தீவனத்தில் செரிக்கக்கூடிய லைசின் 15 கிராம் கேட்கும். அதன் குடலும் முதிராதது. அங்கே சோயாவைக்கூட அளவோடுதான் தருகிறார்கள். பால் பொடியும் மீன்தூளும் தேவைப்படுகின்றன. 30, 40 கிலோவில் அந்தத் தேவை 10 கிராமாக இறங்கும். 100 கிலோவைத் தொட்ட பன்றிக்கு 6 கிராம் போதும்; கோதுமையும் பார்லியும் கொஞ்சம் பட்டாணியும் ரேப்சீடு புண்ணாக்கும் அதைத் தந்துவிடும். ஒரு பன்றி தன் வாழ்நாளில் தின்னும் தீவனத்தில் பாதிக்கு மேல் 60 கிலோவைக் கடந்த பிறகே தின்கிறது. அதாவது பெரும் அளவு தீவனம் போகிற இடமும், சோயா மிகக் குறைவாகத் தேவைப்படுகிற இடமும் ஒன்றுதான். கொழுக்கும் பருவத்துக்கு மட்டும் உள்ளூர்ப் பயறு என்று தொடங்குகிற பண்ணையாளர் குட்டிகளை வைத்துச் சூதாட வேண்டியதில்லை, வளர்ச்சி குறையும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது ஆலையில் ஒரு கிடங்கும், பக்கத்து ஊர் உழவரோடு விதைப்புக்கு முன்பே எழுதிக்கொள்ளும் ஒரு விலையும்.

(அடுத்த வாரம்: செராடோ, சோயாவுக்காகச் சுண்ணாம்பு இட்ட புல்வெளி)